நாயும் பூனையும் ஒரே வீட்டில்

ஒத்துப்போகாத இருவரைப் பற்றிப் பேசும்போது 'எலியும் பூனையும் போல' என்கிறோம். 'நாயும் பூனையும் போல' என்றும் சொல்கிறோம். இவற்றுள் முதல் உவமை எளிதில் விளங்கும். எலி பூனைக்கு உணவு. ஆனால் நாய் பூனையைத் துரத்துவது உணவுக்காகவா? வயிறு நிறையச் சோறு தின்ற நாயும் பூனையைக் கண்டால் பாய்கிறதே, ஏன்? இந்தப் பகை பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா? நன்கு வளர்ந்துவிட்ட ஒரு நாயிடமிருந்து இதை அகற்ற முடியுமா?

இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்குக்காக எழுந்தவை அல்ல. ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். கிராமத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்த தாத்தா, உடல்நலம் குன்றியதால் நகரத்திலுள்ள மகன் வீட்டுக்கு வந்து சேர்கிறார். அவருடன் தோப்பின் காவல்நாயும் வருகிறது. அதற்கு வயது 5. பகலெல்லாம் கிணற்றடியில் சங்கிலியிலும், இரவில் தோப்புக்குள்ளுமாக வளர்ந்த நாய் அது. தாத்தாவைத் தவிர வேறு மனிதரிடம் அது நெருங்கிப் பழகியதில்லை. அணில், கீரி, முயல் முதலியவற்றைத் துரத்தியே பழகியது. மகன் வீட்டிலோ 3 ஆண்டுகளாக ஒரு பூனை இருக்கிறது. இரவில் பேத்தியின் காலடியில்தான் அதற்குப் படுக்கை.

நாய் வீட்டுக்குள் நுழைந்த அரை நிமிடத்தில் பூனை பரண்மேல் ஏறிவிட்டது. நாயைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மறுநாள் மாலைவரை பூனை கீழே இறங்கவில்லை, உணவையும் தொடவில்லை. நாயை எங்காவது விட்டுவிடலாம் என்கிறார் வீட்டில் ஒருவர். பூனையைச் சாக்கில் போட்டு மீன் கடைத்தெருவில் விட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். பேத்தி அழுகிறாள். தாத்தா ஒன்றும் பேசாமல் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

இவ்வீட்டார் என்ன செய்யலாம்? விடை காண்பதற்கு முன், விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிஞர்கள் கண்டறிந்த சில உண்மைகளைத் தெரிந்துகொள்வோம்.

பகை பிறவிக் குணமா?

சீன நாட்டைச் சேர்ந்த ஸிங்-யாங் குவோ என்ற அறிஞர் இந்த வினாவைப் பூனையையும் எலியையும் வைத்தே ஆராய்ந்தார். பூனைக்குட்டிகளை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதற் குழுக் குட்டிகள் எலியைக் கொல்லும் தாய்ப் பூனையோடு வளர்ந்தன. இரண்டாம் குழுக் குட்டிகள் தனித்தனியே வளர்க்கப்பட்டன. மூன்றாம் குழுக் குட்டிகள் ஒவ்வொன்றும் பிறந்த சில நாள்களிலிருந்து ஓர் எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்தன.

முடிவுகளை அவர் 1930-இல் வெளியிட்டார். கொலைகாரத் தாயிடம் வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனித்து வளர்ந்த 20-இல் 9 கொன்றன. எலியோடு வளர்ந்த 18-இல் 3 மட்டுமே கொன்றன. இத்துடன் குவோ நிற்கவில்லை. கொல்லாத குட்டிகளுக்கு, மற்றப் பூனைகள் எலியைக் கொல்லும் காட்சியைப் பலமுறை காட்டினார். தனித்து வளர்ந்தவற்றில் எஞ்சியிருந்த 11-இல் 9 குட்டிகள் அதைப் பார்த்துக் கொல்லக் கற்றுக்கொண்டன. எலியோடு வளர்ந்த 15-இல் ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொண்டது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. தனித்து வளர்ந்த குட்டிகளிலும் ஏறக்குறையப் பாதி எலியைக் கொன்றன. ஆகவே வேட்டையாடும் ஆற்றல் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் எந்த உயிரைத் தோழனாகக் கருதுவது, எந்த உயிரை இரையாகக் கருதுவது என்பதில் இளமை அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இளமை அனுபவம் பின்னர் எளிதில் அழிவதும் இல்லை.

திறந்து மூடும் கதவு

நாய்களிலும் இதே உண்மை வெளிப்பட்டது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்திலுள்ள பார் ஹார்பர் என்னும் ஊரின் ஆய்வுக்கூடத்தில் ஃபிரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரும் செய்த ஆய்வு 1961-இல் வெளிவந்தது. உயர்ந்த வேலி சூழ்ந்த வயல்களில் நாய்க்குட்டிகளைத் தாயோடு விட்டு, மனிதரைக் காணாதபடி வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டு, மீண்டும் வயலுக்கே அனுப்பினார்கள். 5 முதல் 9 வார வயதில் பழகியவை மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம்வரை மனிதரையே காணாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல அஞ்சி ஓடின. பின்னர் எவ்வளவு பரிவு காட்டியும் அவ்வச்சம் எளிதில் நீங்கவில்லை.

ஏறத்தாழ 3-ஆம் வாரத்திலிருந்து 12 அல்லது 14-ஆம் வாரம்வரை நாய்க்குட்டியின் மூளை ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது எனலாம். அக்காலத்தில் அது காணும் உயிர்களெல்லாம் 'நம்மவர்' பட்டியலில் சேர்கின்றன. பிறகு கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. பூனைக்குட்டிகளுக்கு இக்காலம் இன்னும் குறுகியது; சுமார் 2 முதல் 7 வாரம்வரைதான்.

நம் தோப்பு நாயின் கதை இப்போது விளங்குகிறது. அதன் கதவு திறந்திருந்த நாள்களில் அங்கே தாத்தா ஒருவரே இருந்தார். பூனை அந்தப் பட்டியலில் இல்லை. அது கெட்ட நாய் அன்று, பழக்கமற்ற நாய். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதுதான் முதல் தேவை. சாத்திக்கொண்ட கதவைப் பழையபடி அகலத் திறக்க இயலாது. ஆனால் கற்கும் திறன் நாய்க்கு ஆயுள் முழுவதும் உண்டு. குட்டி சில நாள்களில் தானாகக் கற்பதை, வளர்ந்த நாய் பல வாரங்களில், நம் உதவியோடு கற்க வேண்டியிருக்கும்.

துரத்தல் ஏன்?

ஓநாய் இனத்திலிருந்து வந்தது நாய். ஓநாயின் வேட்டை ஒரே செயல் அன்று. பல கண்ணிகள் கொண்ட ஒரு தொடர். உற்று நோக்கல், பதுங்கி நெருங்கல், துரத்தல், பற்றல், கடித்துக் கொல்லல், கிழித்துத் தின்னல் என்று அது நீளும். மனிதன் தன் தேவைக்கேற்ப நாய்களைப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தபோது இத்தொடரின் சில கண்ணிகளை வலுப்படுத்தினான், சிலவற்றை மழுக்கினான். ஆடு மேய்க்கும் கோலி நாய் உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும். ஆனால் கடித்துக் கொல்லாது. நம் நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் முயல் வேட்டைக்குப் பெயர் பெற்றவை. ஓடும் உயிரைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடல் அவற்றுக்கு. இத்தகைய நாய்களைப் பூனையுள்ள வீட்டுக்குக் கொண்டுவருவோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

இத்தொடரில் 'துரத்தல்' என்னும் கண்ணியைத் தூண்டுவது பசி அன்று, அசைவு. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாய், பூனை ஓடத் தொடங்கிய அடுத்த நொடியே பாய்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். துரத்துவதே நாய்க்கு இன்பம் தருகிறது. பிடிக்காவிட்டாலும் அதற்குப் பரிசு கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு துரத்தலும் அடுத்த துரத்தலுக்கான பயிற்சியாகிவிடுகிறது. 'நாலு நாள் துரத்தும், பிறகு தானாகப் பழகிவிடும்' என்று விட்டுவிடுவது தவறு என்பதற்குக் காரணம் இதுவே.

பூனையின் உடலில் நிகழ்வது

நாயைக் கண்ட பூனையின் உடலில் என்ன நடக்கிறது? இதற்கு விடை கண்டவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் வால்ட்டர் கேனன். 1897-இல், எக்ஸ்-கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டு ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், அவற்றின் துணையால் பூனையின் இரைப்பை அசைவுகளை அவர் கவனித்துவந்தார். அமைதியாக இருந்த பூனையின் இரைப்பையில் அலை அலையாக அசைவு தெரிந்தது. பூனை கலக்கமுற்றதும் அவ்வசைவு நின்றுபோயிற்று. மீண்டும் அமைதியடைந்ததும் தொடர்ந்தது.

இது ஏன் என்று தேடிய கேனன், 1911-இல் டி லா பாஸ் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். அமைதியாக இருந்த பூனையிடமிருந்து சிறிது இரத்தம் எடுத்தார்கள். பின்பு அதன் அருகே ஒரு நாயைக் குரைக்கவிட்டு, அஞ்சிய பூனையிடமிருந்து மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். சுருங்கி விரிந்துகொண்டிருந்த ஒரு குடல் தசைத்துண்டின்மீது முதல் இரத்தத்தை விட்டபோது தசையின் இயக்கம் தொடர்ந்தது. இரண்டாம் இரத்தத்தை விட்டபோது தசை தளர்ந்து நின்றுவிட்டது. அச்சத்தின்போது சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன என்பது இவ்வாறு புலனாயிற்று. 'போரிடு அல்லது ஓடு' என்று இன்று பாடநூல்களில் படிக்கும் உடலியல் கோட்பாடு பிறந்ததில், குரைத்த ஒரு நாய்க்கும் வெருண்ட ஒரு பூனைக்கும் பங்கு உண்டு!

அட்ரீனலின் பாய்ந்ததும் இதயம் விரைகிறது, இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, கண்மணி விரிகிறது, மயிர் சிலிர்க்கிறது. செரிமானம் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கப்படுகிறது. பரண்மேல் இருந்த பூனை உணவைத் தொடாததன் காரணம் வீம்பு அன்று. அதன் உடல் உண்ணும் நிலையிலேயே இல்லை.

இதிலிருந்து நமக்கு மிகவும் பயன்படும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உண்கிற பூனை கடும் அச்சத்தில் இல்லை. எனவே காய்ச்சலை அளக்க வெப்பமானி போல, அச்சத்தை அளக்க உணவுத் தட்டையே பயன்படுத்தலாம். நாய்க்கும் இது பொருந்தும். பிடித்த உணவை நீட்டியும் நாய் திரும்பிப் பாராமல் பூனையையே வெறித்தால், அதன் கிளர்ச்சி எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பூனையின் உடல் நீண்ட பட்டினியைத் தாங்காது. 2 நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். அப்படிப்பட்ட பூனையைக் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

இரு வேறு மொழிகள்

நாயும் பூனையும் உடலால் பேசுகின்றன. ஆனால் சொற்களின் பொருள் வேறு. நாய் தளர்ந்த உடலோடு வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலைப் பக்கவாட்டில் வீசி அடித்தால் எரிச்சல். பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கி வந்தால் நட்பு. நாய் வாலை விறைப்பாக உயர்த்தினால் அது அறைகூவலாகலாம். நாய் முன்காலைத் தூக்கினால் பெரும்பாலும் விளையாட்டுக்கு அழைப்பு. பூனை தூக்கினால் அறை விழப்போகிறது! நாய் மல்லாந்தால் பணிவு. அச்சமுற்ற பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் போருக்கு ஆயத்தம்.

இம்மொழி வேறுபாட்டைத் தாண்ட முடியுமா? இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாயர்ஸ்டைன், டெர்க்கெல் ஆகிய இருவரும் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இரண்டும் நல்லுறவோடு இருந்தன. கால் பங்கு வீடுகளில் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் இருந்தன. பத்தில் ஒரு பங்கு வீடுகளில்தான் சண்டை. சேர்ந்து வாழ்ந்தவற்றுள் பல, மற்றதன் உடல்மொழியைச் சரியாகப் புரிந்துகொண்டன. பூனைகள் வணக்கம் கூறும் முறையான மூக்கோடு மூக்கு வைத்தலை நாய்களும் கற்றிருந்தன. பூனை 6 மாதத்துக்குள்ளும் நாய் 1 வயதுக்குள்ளும் அறிமுகமான வீடுகளிலும், பூனை முதலில் குடியேறிய வீடுகளிலும் உறவு சிறந்திருந்தது.

நம் வீட்டில் பூனை முன்னரே இருப்பது நல்லது. ஆனால் வயது இரண்டுக்குமே கடந்துவிட்டது. எனவே இயற்கையை நம்பி விட்டுவிடாமல் முறையாகச் செயற்பட வேண்டும்.

அச்சத்தை அகற்றும் வழி

அம்முறையின் வேர் மூன்று அறிஞர்களின் பணியில் இருக்கிறது. முதல்வர் ரஷ்யாவின் இவான் பாவ்லவ். மணியோசையைத் தொடர்ந்து உணவு கொடுத்துவந்தால், நாளடைவில் ஓசை கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற அவருடைய ஆய்வைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். பொருளற்ற ஓசை, 'உணவு வருகிறது' என்னும் நற்செய்தியாக மாறிவிடுகிறது.

இரண்டாமவர் அமெரிக்காவின் மேரி கவர் ஜோன்ஸ். 1924-இல் அவர், பீட்டர் என்று பெயரிட்டு எழுதிய ஒரு சிறுவனைப் பற்றி விவரித்தார். 3 வயதுகூட நிறையாத அச்சிறுவனுக்கு முயலைக் கண்டால் அச்சம். அவன் உணவு உண்ணும் நேரத்தில், கூண்டில் அடைத்த முயலை அறையின் தொலைவான மூலையில் வைத்தார். அவன் உண்பது தடைப்படாத அளவுக்கு மட்டும், நாளுக்கு நாள் கூண்டை அருகே நகர்த்தினார். இறுதியில் சிறுவன் முயலைத் தடவிக்கொடுத்தான். ஆனால் ஜோன்ஸ் ஓர் எச்சரிக்கையும் செய்தார். அவசரப்பட்டு மிக அருகே கொண்டுவந்தால் விளைவு தலைகீழாகிவிடும். அச்சம் நீங்குவதற்கு மாறாக உணவின் மீதே அச்சம் படியக்கூடும்.

மூன்றாமவர் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப். ஒரு கூண்டில் சிறு மின்னதிர்ச்சிக்கு ஆளான பூனைகள் அந்தக் கூண்டிலும், அது இருந்த அறையிலும் உண்ண மறுத்தன. அந்த அறையைச் சற்றே ஒத்த வேறு அறையில் உண்ணச் செய்து, பிறகு இன்னும் சற்று ஒத்த அறையில் உண்ணச் செய்து, படிப்படியாக அதே கூண்டிலேயே அமைதியாக உண்ணும்படி அவர் செய்தார். இவ்வாய்வைக் கொண்டு, மனிதரின் அச்ச நோய்களுக்கு அவர் வகுத்த சிகிச்சை முறையை விளக்கும் நூல் 1958-இல் வெளிவந்தது.

மூவரின் பாடத்தையும் சேர்த்துச் சொன்னால் இவ்வளவுதான்: தூண்டலைத் தாங்கக்கூடிய அளவில் காட்டு, உடனே இன்பமான ஒன்றைக் கொடு, அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டு.

வீட்டில் செய்யும் முறை

முதலில் மருத்துவம். நாய், பூனை இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். தோப்பில் வேறு விலங்குகளோடு பொருதிய நாய் என்றால் இது மிகமிக முதன்மையானது. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. சில வாரங்கள் ஆகும். குடற்புழுவுக்கும் உண்ணி, தெள்ளுப் பூச்சிகளுக்கும் மருந்து வேண்டும். பூனைத் தெள்ளு நாயின்மீதும் வாழும்.

முதற்படி, மூடிய கதவு. பூனைக்கு ஓர் அறையை ஒதுக்குங்கள். உணவு, நீர், மணல் தட்டு, படுக்கை, ஏறி உட்கார உயரமான ஓர் இடம் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். சில நாள்கள் நாயும் பூனையும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. இந்நாள்களில் நாய்க்கு வேறு பாடங்கள் உள்ளன. மின்விசிறியும், மிக்ஸியின் இரைச்சலும், அழைப்பு மணியும், புது முகங்களும் அதற்குப் புதியவை. ஒரே நேரத்தில் பல அச்சங்களைச் சுமத்தக் கூடாது. பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கவும், 'உட்கார்', 'விடு' என்றால் கேட்கவும் அது கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி, மோப்பம். பூனை படுத்த துணியை நாய்க்கும், நாய் படுத்த துணியைப் பூனைக்கும் காட்டுங்கள். மோந்து பார்த்து அமைதியாக இருந்தால் சிறு தின்பண்டம் கொடுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவு வையுங்கள். முதலில் கதவிலிருந்து தொலைவில். இரண்டும் தயங்காமல் உண்டால் நாளொன்றுக்கு ஓரடி அருகில்.

மூன்றாம் படி, பார்வை. நம் வீடுகளிலுள்ள கம்பிக்கதவு இதற்கு மிகவும் ஏற்றது. பூனை நுழைந்துவிட முடியாதபடி வலையோ அட்டையோ கட்டி, கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். நாயைத் தோல்வாரில் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தொலைவில் நின்றால் பூனையைப் பார்த்தும் உணவு உண்கிறதோ அவ்வளவு தொலைவில் நிறுத்துங்கள். இங்கே பாவ்லவின் வரிசைமுறை முக்கியம். பூனை முதலில் தோன்ற வேண்டும். பிறகே உணவு வர வேண்டும். பூனை மறைந்ததும் உணவும் நிற்க வேண்டும். உணவைக் காட்டிவிட்டுப் பூனையைக் காட்டினால், நாய் கற்பது வேறு பாடம். ஒரு முறைக்கு 5 நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். பூனை தென்பட்டதும் நாய் அதை விட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்று அடுத்த படிக்குப் போகலாம்.

நான்காம் படி, ஒரே அறை. நாய்க்குத் தோல்வார், கடிக்கும் ஐயம் இருந்தால், முன்கூட்டியே பழக்கிய வாய்க்கூடையும் தேவை. மூச்சு வாங்கவும் நீர் குடிக்கவும் இடமுள்ள கூடையாக அது இருக்கட்டும். பூனைக்குக் கட்டு கூடாது. அலமாரி உச்சி, பரண், திறந்த சன்னல்மேடை என்று ஏறிக்கொள்ள வழிகள் இருக்க வேண்டும். பூனையைக் கையில் தூக்கி நாயிடம் காட்டவே கூடாது. ஓட வழியில்லாத பூனை, தூக்கியவரின் முகத்தைத்தான் கீறும்.

உட்கார்ந்திருக்கும் பூனை, நடக்கும் பூனை, ஓடும் பூனை ஆகிய மூன்றும் நாய்க்கு மூன்று வெவ்வேறு தூண்டல்கள். முதலாவதற்குப் பழகிய நாய் மூன்றாவதற்குப் பழகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தொலைவை மீண்டும் கூட்டித் தனியே பழக்க வேண்டும். பல வாரங்கள் குறையின்றி நடந்த பின்னரே தோல்வாரைத் தரையில் இழுபடவிட்டுப் பார்க்கலாம். ஆளில்லாத நேரத்திலும் இரவிலும் பல மாதங்கள்வரை இரண்டையும் தனித்தனியே அடைத்து வைப்பதுதான் பாதுகாப்பு.

செய்யக் கூடாதவை

பூனையைக் கண்டு உறுமும் நாயை அடிக்காதீர்கள். பாவ்லவின் விதி இங்கேயும் வேலை செய்யும். 'பூனை வந்தால் வலி வரும்' என்று நாய் கற்கும். உறுமல் ஓர் எச்சரிக்கை ஒலி. அதை அடித்து அடக்கினால், எச்சரிக்காமல் கடிக்கும் நாய்தான் கிடைக்கும். பூனை நடமாடும் இடத்தில், அதன் கண்ணெதிரே நாயைச் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள். எட்டமுடியாத ஏமாற்றம் கிளர்ச்சியை வளர்க்கும். பூனையின் தட்டை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

சண்டை மூண்டுவிட்டால் இடையில் கையை நீட்டாதீர்கள். போர்வையை எறிந்தோ, பலகையைக் குறுக்கே வைத்தோ பிரியுங்கள். கடியோ கீறலோ பட்டுவிட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநோய் தோன்றிவிட்டால் அநேகமாக உயிர் தப்ப இயலாது. வருமுன் காத்தல் இயலும்.

எப்போது நிறுத்துவது?

எல்லா நாய்களும் இப்பாடத்தில் தேறுவதில்லை. பூனையைக் கண்டு குரைத்துக் குதிக்கும் நாயைவிட, ஓசையே இல்லாமல் வாயை மூடி, உடலை விறைத்து, இமைக்காமல் வெறிக்கும் நாய்தான் ஆபத்தானது. அது வேட்டைத் தொடரின் முதல் கண்ணி. பல வாரப் பயிற்சிக்குப் பின்னும் தொலைவிலிருந்தே அவ்வாறு வெறித்தால், அல்லது அது ஏற்கெனவே பூனையைக் கொன்ற நாய் என்றால், சேர்த்து வைக்கும் முயற்சியைக் கைவிடுவதே நேர்மை. பூனை உண்ணாமல் மெலிந்தாலும், மணல் தட்டை விட்டுக் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தாலும், எப்போதும் ஒளிந்தே இருந்தாலும் படியேறுவதை நிறுத்தி முந்திய படிக்குத் திரும்புங்கள்.

கைவிடுவதென்றால் தெருவில் விடுவது என்று பொருளில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள்ளேயே நிலையாகப் பகுதி பிரித்து வைக்கலாம். பூனையில்லாத வீட்டில் நாய்க்கு இடம் தேடலாம்.

எதை எதிர்பார்க்கலாம்?

நாட்காட்டிகளில் காண்பது போல நாயும் பூனையும் கட்டிக்கொண்டு உறங்கும் காட்சியை எதிர்பார்த்து இவ்வேலையில் இறங்காதீர்கள். 5 வயது நாய் பூனையைத் தன் இனமாகக் கருதப்போவதில்லை. பூனை கூடத்தைக் கடந்து போகும்போது நாய் தலையைத் தூக்கிப் பார்த்து மீண்டும் தலையைச் சாய்த்துக்கொண்டால், அதுவே முழு வெற்றி.

இனி, நாம் தொடங்கிய வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாதான் இப்பணிக்கு ஏற்றவர். அந்த நாய் இவ்வுலகில் நம்பும் ஒரே மனிதர் அவர். நாள் முழுதும் அவருக்கு நேரம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. கம்பிக்கதவுக்கு இப்பால் ஒரு நாற்காலியைப் போட்டு, வேகவைத்த கோழித்துண்டுகளை ஒரு கிண்ணத்தில் அவரிடம் கொடுக்கட்டும். கதவுக்கு அப்பால் அறையின் கடைசி மூலையில் பேத்தி பூனைக்குச் சிறிது மீன் வைக்கட்டும். பூனை உண்கிறதா, நாய் உண்கிறதா என்று இருவரும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்துவரட்டும். இரண்டு தட்டுகளும் காலியாகும் நாளில் கிண்ணங்களை ஓரடி நெருக்கி வைக்கலாம். காலியாகாத நாளில் ஓரடி பின்னுக்கு வைக்கலாம். மேரி கவர் ஜோன்ஸ் செய்ததும் இதுதான்.